பேய்ப்படத்தில் இரண்டாவது வந்தது முதலாவதைத் தாண்டியிருக்கிறதா?

5 அக்டோபர் 2024

ஒரிஜினலைத் தாண்டிய பேய்ப்படம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ரீமேக்கோ இரண்டாம் பாகமோ முன்கதையோ எதுவானாலும் சரி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று கிடையாது. சிரிப்புப் படத்தை இரண்டாம் முறை எடுக்கலாம், காதல் கதையைப் பத்து முறை எடுக்கலாம். பயம் அப்படி இல்லை, ஒரு முறைதான் வரும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கதவை எவ்வளவு அழகாகத் திறந்துகாட்டினாலும் அது வெறும் கதவுதான்.

உதாரணத்துக்கு மணிச்சித்ரதாழ். 1993இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்தது. பழைய வீடு ஒன்றில் குடிவரும் கங்கா, அங்கே இறந்துபோன நாட்டியக்காரி நாகவல்லி தானே என்று நம்பத் தொடங்குகிற கதை. இந்த ஆகஸ்ட் 17 அன்று 4கே-யில் மறுபடி வெளியிட்டார்கள், அதற்காகவே திருவனந்தபுரம் போய்ப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆன படம், முடிவு எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கங்கா முகம் மாறுகிற இடத்தில் முழு தியேட்டரும் அமைதியானது. அதையே தமிழில் எடுத்த சந்திரமுகியைப் பாருங்கள். மலையாளத்தில் அவளைக் குணமாக்கும் மனநல டாக்டர் சன்னி வந்து சேரவே வெகுநேரம் ஆகும். அதற்குள் அந்த வீடு நம்மைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் ரஜினி முதலிலேயே வந்து சண்டை போட்டுவிடுகிறார். அவர் இருக்கும்போது யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? அப்புறம் அந்தப் பாம்பு. அது எதற்கு வந்தது, எங்கே போனது, கடைசிவரை தெரியாது.

இதுதான் என் கட்சி.

6 அக்டோபர், காலை

"இரண்டில் எதை முதலில் பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சந்திரமுகியைத்தான் முதலில் பார்த்தேன். 2005, சித்திரை விஷு கழிந்த வாரம், நாகர்கோவிலில் ஒரு தியேட்டர். எனக்குப் பதினோரு வயது. டிக்கெட் கிடைக்காமல் ஒரு காட்சி வெளியே காத்திருந்து அடுத்த காட்சிக்கு உள்ளே போனோம். அப்பா, அம்மா, அக்கா, நான். இடைவேளை வரை சிரித்துக்கொண்டிருந்தேன். 'ரா ரா' தொடங்கியதும் அப்பாவின் கையைப் பிடித்தவன் படம் முடியும்வரை விடவில்லை. ஜோதிகாவின் கண்ணோ மையோ காரணம் இல்லை. அவள் என்ன சொல்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை, பயந்தது அதற்குத்தான். தெலுங்கு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அதுவரை என் காதில் தெலுங்கு விழுந்ததே கிடையாது. நம் வீட்டுப் பெண் மாதிரி பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நமக்குத் தெரியாத ஒன்றைப் பேசுகிறாள், அதுவும் ஆசையாக, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அன்று இரவு கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போகவில்லை. அடுத்த ஒரு மாதமும் போகவில்லை.

மணிச்சித்ரதாழை முழுதாகப் பார்த்தது கல்லூரி இரண்டாம் வருடத்தில். மிகவும் பிடித்தது. ஆனால் பயந்தேனா என்று கேட்டால், இல்லை.

ஆக, நேற்று 'பயம் ஒரு முறைதான் வரும்' என்று நான் எழுதியது சரியென்றால், என் விஷயத்தில் அந்த ஒரு முறை ரீமேக்கில்தான் வந்தது. ஒரிஜினலை உயர்த்திப் பேச அதே வாதத்தை நான் எடுத்தது நேர்மையில்லை.

6 அக்டோபர், மாலை

சித்திரை விஷு கழிந்த வாரம் என்றது சரிதானா என்று பார்த்தேன். சந்திரமுகி வெளியானது 2005 ஏப்ரல் 14. சரிதான்.

8 அக்டோபர்

இரண்டு நாளாக மனதில் ஓடுவதை எழுதிவிடுகிறேன், நீளமாகும்.

நான் தக்கலைக்காரன். பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பள்ளியிலிருந்து வருடா வருடம் அங்கேதான் கூட்டிப்போவார்கள். கருப்பாகப் பளபளக்கும் அந்தத் தரையில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்போம். மணிச்சித்ரதாழின் சில காட்சிகளை அங்கே எடுத்தார்கள், மற்றவை திருப்பூணித்துறை ஹில் பேலஸில். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மாவின் பேச்சில் பாதி மலையாளம், அப்பாவின் பேச்சில் அது கிடையாது.

மலையாளப் படத்தில் நாகவல்லி யார்? தஞ்சாவூரிலிருந்து அந்த வீட்டின் பழைய தலைவர் சங்கரன் தம்பி கொண்டுவந்த தமிழ் நாட்டியக்காரி. கங்கா நாகவல்லியாக மாறும்போது மலையாளம் போய்த் தமிழ் வருகிறது. பாட்டிலும் தமிழ் வரும், அந்த வரிகள் வாலி எழுதியவை. மலையாளி ஒருவர் அதை எப்படிக் கேட்டிருப்பார்? அரைகுறையாகப் புரிகிற, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாஷை. முழுக்க அந்நியமாக இருந்தால் பயம் வராது, சொந்தமாக இருந்தாலும் வராது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிற குரலாக இருக்க வேண்டும்.

தமிழில் எடுக்கும்போது இந்த நாகவல்லியை அப்படியே வைத்துக்கொள்ள வழியில்லை. நாம் பேசுவதையே பேயும் பேசினால் என்ன ஆகும்? கங்கா கோபமாகப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். பி. வாசு 2004இல் கன்னடத்தில் ஆப்தமித்ராவாக எடுத்தபோதே நாட்டியக்காரியைத் தெலுங்குக்காரி ஆக்கினார், சந்திரமுகியிலும் அதுவே. 2007இல் இந்தியில் பூல் புலையா வந்தபோது அவள் வங்காளி ஆனாள், பெயர் மஞ்சுலிகா. அதை இயக்கியவர் பிரியதர்ஷன். ஃபாசில் படத்திலேயே இன்னொரு யூனிட்டை இயக்கியவர்களில் அவரும் ஒருவர், அவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு ஊரிலும் பேய்க்குப் பக்கத்து ஊர்ப் பாஷை. வீடு மாறியது, ராஜா மாறினான், பெயர் மாறியது. பேய்க்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரம் மட்டும் மாறவில்லை.

நான் இதுவரை சந்திரமுகியை நகல், நகல் என்று சொல்லிவந்தேன். நகலெடுத்திருந்தால் அந்தப் பேய் தமிழ் பேசியிருக்கும், பதினோரு வயதில் நானும் நிம்மதியாகக் கொல்லைப்புறம் போயிருப்பேன். ரீமேக் என்றால் காட்சிகளைத் தூக்கிக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தேன். தூக்கிக்கொண்டு போக வேண்டியது வேறு என்று இப்போதுதான் புரிகிறது.

கல்லூரியில் ஒரிஜினலைப் பார்த்தபோது பயம் வராததன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பேய் நம்ம ஊர்க்காரி. அம்மாவோடு ஒருமுறை டிவியில் பார்த்தபோது அந்தப் பாட்டு வந்ததும் அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "பாவம் மக்களே, எங்கயோ தஞ்சாவூர்ல கெடந்த பிள்ளைய இழுத்துட்டு வந்து பூட்டி வச்சிட்டான்." பேயைப் பார்த்து யாரும் சொல்கிற வார்த்தையா இது? தமிழ் காதில் விழுந்ததும் அவள் பேயாக இல்லாமல் போய்விட்டாள்.

ஆனாலும் பாம்பைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அது வேண்டாத பாம்பு.

9 அக்டோபர்

ஆப்தமித்ராவைப் பற்றி ஒன்று. அதில் கங்காவாக நடித்த சௌந்தர்யா 2004 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோனார். படம் வந்தது ஆகஸ்டில். பெங்களூருவில் வேலை பார்த்தபோது அறை நண்பன் வீட்டில் அதைப் பார்த்தேன். தன் உடம்பில் இன்னொருத்தி இருப்பதாக நம்புகிற பெண் திரையில் ஆடுகிறாள், நண்பனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்க்கிறார். அந்தப் படத்தை மற்ற மூன்றோடு சேர்த்து மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. ஒப்பீட்டில் அதை விட்டுவிடுகிறேன்.

10 அக்டோபர்

சரி, ரீமேக்கை ஒத்துக்கொண்டீர்கள், இரண்டாம் பாகம்? என்கிறீர்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டாம் பாகங்கள் நிறைய. கன்னடத்தில் ஆப்தரக்ஷகா, தெலுங்கில் நாகவல்லி (இரண்டும் 2010), 2022இல் பூல் புலையா 2, 2023இல் சந்திரமுகி 2. கடைசி இரண்டும் எனக்குப் பிடிக்காததன் காரணம் ஒன்றே. முதல் கதையில் பேயே கிடையாது, ஒரு பெண்ணின் மனநோய்தான் இருந்தது, அவள் குணமாகிவிட்டாள். மேலே கதை வேண்டுமென்றால் பேயை நிஜமாக்க வேண்டும். ஆக்கினார்கள். முதல் படம் இரண்டரை மணிநேரம் பாடுபட்டுச் சொன்னதை இரண்டாவது படம் வந்து இல்லையென்று சொல்லிவிட்டது. கங்காவுக்கு அத்தனை பொறுமையாக வைத்தியம் பார்த்தார்களே, அதற்கு என்ன அர்த்தம்? இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

11 அக்டோபர், துர்காஷ்டமி

ஊருக்கு வந்திருக்கிறேன். நவராத்திரிக்காக அரண்மனை சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போயிருக்கிறார்கள், விஜயதசமி முடிந்துதான் திரும்புவார்கள். நாகவல்லி பழிவாங்கக் குறித்துவைத்த நாளும் துர்காஷ்டமிதான். இன்றைக்கு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

உள்ளூர்ப் படங்களையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, ஹாலிவுட்டில் பாருங்கள் என்று ஒருவர் தி திங் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நன்றி. அந்த ஒரு படம் போதும், என் முதல் நாள் வாதம் நொறுங்கிப் போகும்.

1951இல் முதலில் வந்தது. பனிப்பிரதேச முகாம், பனிக்குள்ளிருந்து வெளியே எடுத்த வேற்றுக்கிரகப் பிராணி. பிராணி என்றால் உயரமான ஓர் ஆள்தான், தாவர இனம் என்று சொல்வார்கள். ஜான் கார்ப்பெண்டருக்கு அந்தப் படத்தின் மேல் பெரிய மரியாதை. 1978இல் அவர் எடுத்த ஹாலோவீன் படத்தில் குழந்தைகள் டிவியில் பார்ப்பது இதைத்தான். 1982இல் அவரே ரீமேக் செய்தபோது அந்தப் படத்தை நகலெடுக்கவில்லை, அதற்கும் முன்னால் போனார். இரண்டுக்கும் மூலம் 1938இல் ஜான் கேம்பல் எழுதிய குறுநாவல். அதில் அந்தப் பிராணி யாரை விழுங்குகிறதோ அவராகவே ஆகிவிடும். 1951 படம் அதை விட்டுவிட்டது. கார்ப்பெண்டர் எடுத்துக்கொண்டார்.

ஒன்றில் வெளியே ஒரு பூதம் நிற்கிறது, எல்லோரும் சேர்ந்து கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொன்றில் பூதம் உள்ளே இருக்கிறது, யாரென்று தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனாகவும் இருக்கலாம். எல்லோருடைய ரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுப் பார்க்கிற காட்சியை விடுதியில் எட்டுப் பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கம்பி ஒவ்வொரு தட்டுக்குப் போகும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், நிஜமாக. பக்கத்தில் ஆள் இருந்தால் பயம் குறையும் என்பார்கள். அன்று ஆள் இருந்ததே பயமாகப் போனது.

1951 படத்தை அப்புறம் தேடிப் பார்த்தேன், நல்ல படம். ஆனால் தாண்டிவிட்டார்கள். மேலே நான் 'கிடையாது' என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

12 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 1982இல் படம் பெரிய வெற்றியா என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டிய ஈ.டி. வந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. ஊரே அந்தக் குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் இது வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், வசூலும் இல்லை. தாண்டிவிட்டது என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். அன்று கேட்டிருந்தால் பழைய படமே மேல் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அநேகமாக நானும். இந்தக் கேள்விக்கு வெளியான வாரத்தில் பதில் சொல்லவே கூடாது போல.

14 அக்டோபர்

தி ஃப்ளை. இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

1958 படத்தில் விஞ்ஞானியும் ஈயும் ஒரே இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதும் தலை மாறிப்போகிறது. ஒரே நொடி, முடிந்தது. அப்புறம் ஆள் தலையைத் துணியால் மூடிக்கொண்டு அலைவார், துணி எப்போது விலகும் என்பதுதான் பயம். 1986இல் டேவிட் க்ரோனென்பெர்க் எடுத்ததில் ஒரே நொடியில் எதுவும் ஆவதில்லை. முதலில் ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார், முன்னைவிட பலசாலியாக. பிறகு முதுகில் முரட்டு முடி, பிறகு நகம் கழல்கிறது, பல், காது. உதிர்ந்ததையெல்லாம் குளியலறை அலமாரியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு காட்சியில் காதலியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே காது விழுந்துவிடும், அவள் அருவருப்பு பார்க்காமல் அவரைக் கட்டிக்கொள்வாள்.

இந்தப் படத்தை நான் பார்க்கத் தொடங்கியது, தாத்தாவுக்குப் புற்றுநோய் வந்து வீட்டிலேயே வைத்துப் பார்த்த வருடத்தில். திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தோம். இரவில் முறை வைத்துக் கண்விழிப்போம், என் முறையில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஏதாவது பார்ப்பேன். பேய்ப்படம் என்று நினைத்துத்தான் இதைப் போட்டேன். பாதியில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு எழுந்து தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், தோல் காகிதம் மாதிரி இருந்தது. மீதிப் படத்தை அடுத்த வருடம்தான் பார்த்தேன்.

ஈத் தலை யாருக்கும் வராது, அதனால் பழைய படம் பார்க்கும்போது மட்டும் பயம். புதிய படம் காட்டியது எல்லோர் வீட்டுக்கும் ஒருநாள் வரக்கூடியதை. அந்த ஒப்பனைக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். அதைச் செய்த இருவரில் ஒருவரான கிறிஸ் வாலஸ் 1989இல் இரண்டாம் பாகத்தை இயக்கினார். அதில் ஒப்பனை நிறைய இருந்தது, என்னை எழுந்து யார் கையையும் பிடிக்கவைக்கவில்லை.

15 அக்டோபர்

நேற்றைய பதிவுக்குக் கீழே தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி எழுதியவர்களுக்கு நன்றி. ஒவ்வொன்றையும் படித்தேன்.

16 அக்டோபர்

ரிங் பற்றிக் கேட்டவருக்கு. நான் பார்த்தது அமெரிக்கப் படம் முதலில் (2002), ஜப்பானிய ரிங்கு (1998) பிறகு. எதை முதலில் பார்த்தோமோ அதன் பக்கமே மனசு சாயும் என்று இங்கே பேசினோம், ஆனால் இதில் எனக்கு நேர்மாறாக நடந்தது. அமெரிக்கப் படத்தில் விளக்கம் அதிகம், படம் முழுக்கத் தடயம், ஆஸ்பத்திரி, ஆவணம். ஜப்பானியப் படம் பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது. ஃபோன் அடிக்கிறது, ஓர் அறை, ஒரு டிவி. கடைசியில் பேயான சடகோ வருகிற நடை ஏன் அவ்வளவு தப்பாகத் தெரிகிறது என்று பல நாள் யோசித்தேன். நடிகையைப் பின்னோக்கி நடக்கச் சொல்லி எடுத்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். உடம்பு முன்னால் வருகிறது, தசையெல்லாம் பின்னால் போகிற மாதிரி அசைகிறது. கிராஃபிக்ஸ் எதுவும் அதன் பக்கத்தில் வராது.

ஆனால் அமெரிக்கப் படத்தில் படகில் குதிரை மிரண்டு கடலில் குதிக்கிற காட்சி இருக்கிறதே, அது ஜப்பானியப் படத்தில் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் ரீமேக் முன்னால் போய்விடுகிறது. படம் மொத்தமாகத் தாண்ட வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம், ஒரு காட்சி தாண்டினாலும் தாண்டியதுதானே என்றும் தோன்றுகிறது.

ரிங்குவோடு அதன் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே எடுத்து ஒரே நாளில் வெளியிட்டார்கள், ராசென் என்று பெயர். ரிங்கு ஓடியது, ராசென் ஓடவில்லை. அடுத்த வருடம் ராசென் என்று ஒரு படமே வராத மாதிரி பாவித்து ரிங்கு 2 எடுத்தார்கள்.

17 அக்டோபர்

காஞ்சனாவை எப்படி எல்லோரும் மறந்தோம்! 2007இல் வந்த முனிதான் முதல் பாகம், ராஜ்கிரண் பேயாக வருவார். 2011இல் வந்ததன் முழுப்பெயரே முனி 2: காஞ்சனா. இன்று முனி என்றால் எத்தனை பேருக்கு நினைவு வரும்? இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் பெயரையே சாப்பிட்டுவிட்டு, அடுத்து வந்தவற்றுக்குக் காஞ்சனா 2, காஞ்சனா 3 என்று தன் பெயரை வைத்துக்கொண்டது.

காரணம் சரத்குமார். திருநங்கையாக அவர் வருகிற பகுதியைப் பார்த்துத் தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் கிண்டலடித்துக்கொண்டிருந்தவர்கள் இருபது நிமிடத்தில் அடங்கினார்கள். இரண்டு படத்திலும் பயந்தாங்கொள்ளி ஒருவன்தான், அவன் உடம்பில் ஏறுகிற ஆள்தான் மாறியது. அதை இயக்கிய ராகவா லாரன்ஸே 2020இல் இந்தியில் லக்ஷ்மி என்று எடுத்தார். அதே இயக்குநர், அதே கதை, அந்தக் கனம் வரவில்லை. எடுக்கத் தெரிந்தவரே எடுத்தாலும் இரண்டாம் முறை கைக்கு வராமல் போகும் என்பதற்கும் அவரே உதாரணம்.

20 அக்டோபர்

முன்கதைப் படங்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இருப்பதிலேயே கஷ்டமான வகை இதுதான், எல்லோருக்கும் என்ன ஆகும் என்று முன்னாலேயே தெரியும். 2011இல் தி திங்குக்கு வந்த முன்கதை நார்வே முகாமில் நடக்கிறது. அந்த முகாமின் சாம்பலை 1982 படத்திலேயே பார்த்தாயிற்று. போதாததற்குக் கையால் செய்த பூத உருவங்களை வைத்துப் படம்பிடித்துவிட்டுப் பிறகு அவற்றில் பெரும்பாலானதைக் கம்ப்யூட்டரால் மூடினார்கள். செய்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

எக்ஸார்சிஸ்டின் முன்கதையை இரண்டு முறை எடுத்தார்கள், பால் ஷ்ரேடர் முடித்ததைத் தயாரிப்பாளர்கள் ஒதுக்கிவிட்டு ரென்னி ஹார்லினை வைத்து மறுபடி எடுத்து 2004இல் வெளியிட்டு, அது போகாததால் ஷ்ரேடர் எடுத்ததையும் 2005இல் விட்டார்கள். இரண்டையும் பார்த்தேன். இரண்டும் வேண்டாம்.

இருந்தாலும் ஒன்று சொல்ல முடியும். உய்ஜா என்று 2014இல் ஒரு படம், மறந்துவிடலாம். அதன் முன்கதையை 2016இல் மைக் ஃபிளானகன் எடுத்தார், உய்ஜா: ஒரிஜின் ஆஃப் ஈவில். 1967, லாஸ் ஏஞ்சல்ஸ். கணவனை இழந்த ஒரு தாய், இரண்டு மகள்கள். ஆவியோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறார்கள். பொய்தான், ஆனால் வருகிறவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது என்று அந்த அம்மா நிஜமாக நம்புகிறாள். பழைய பிலிம் போலத் தெரியவேண்டும் என்று ரீல் மாற்றும் இடத்தில் மூலையில் வருகிற புள்ளியைக்கூடப் போட்டிருக்கிறார். முடிவு தெரிந்திருப்பது அங்கே உதவியாகவே இருந்தது, அந்தக் குடும்பம் சிரிக்கிற ஒவ்வொரு காட்சியும் வயிற்றைப் பிசைந்தது. முதல் படம் மோசமாக இருந்தால் தாண்டுவது எளிது என்பீர்கள், உண்மைதான். அதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

2 நவம்பர், அதிகாலை

தூக்கம் வரவில்லை, நடந்ததைச் சூட்டோடு எழுதுகிறேன்.

தீபாவளிக்கு அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வந்திருக்கிறது. அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. சந்திரமுகியை டிவியில் பத்துப் பதினைந்து தடவை பார்த்தவள், 'ரா ரா'வுக்கு வீட்டில் ஆடுவாள். அவளுக்கு அது பயமே இல்லை, பாட்டு. மணிச்சித்ரதாழ் பார்த்ததில்லை, மலையாளம் தெரியாது. நேற்று நவம்பர் 1, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், விடுமுறையும்கூட. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து போட்டோம்.

அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், இந்தப் பிள்ளை இருக்கிறது. என் 8ஆம் தேதிப் பதிவை மனதில் வைத்துக்கொண்டு நான் திரையைவிட இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் பயப்பட மாட்டாள், அந்தப் பேய் தமிழ் பேசும், இவளுக்குப் பாவமாக இருக்கும், அதுதான் என் கணக்கு. முதல் ஒன்றரை மணிநேரம் ஆங்கில சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பார்த்தாள். நடுவில் போனை எடுத்தாள், அக்கா அதட்டியதும் வைத்தாள்.

கங்கா நகை வாங்கக் கிளம்புகிற காட்சி வந்தது. கணவன் வேண்டாம் என்கிறான். அவள் குரல் மாறுகிறது, தமிழ் வருகிறது. அதுவரை திரையின் அடியில் இருந்த இவள் கண் சட்டென்று மேலே போனது. கால் இரண்டையும் சோபாவுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அம்மாவின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா இந்த முறையும் "பாவம்" என்றுதான் சொன்னாள். அதே சோபா, அதே பாட்டு.

படம் முடிந்ததும் கேட்டேன், எதுக்குடி பயந்தே?

"மாமா, அதுவரைக்கும் எல்லாரும் பேசுறத நான் படிச்சிட்டு இருந்தேன். திடீர்னு படிக்க வேண்டாம்னு ஆயிடுச்சு. அவ எங்கிட்டயே பேசற மாதிரி இருந்துச்சு."

நான் எழுதியது எல்லாம் பாதிதான் சரி. தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பேய் பேயில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். இரண்டு பாஷையும் அறிந்த அம்மாவுக்கு, கொஞ்சம் எனக்கு, அது சரி. இந்தப் பிள்ளைக்கு அந்தப் படத்தில் புரிந்த ஒரே குரல் பேயுடையது. ஃபாசில் சென்னையில் வளரப்போகும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை நினைத்து அப்படி எடுத்திருக்க மாட்டார், ஆனாலும் அது அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2005இல் புரியாத தெலுங்குக்கு நான் பயந்தேன், இவள் புரிந்த தமிழுக்குப் பயப்படுகிறாள்.

இப்போது எது எதைத் தாண்டியது என்று கேட்டால், என் வீட்டில் ஒன்றுக்கொன்று என்று ஆகிவிட்டது. எனக்கு ரீமேக், இவளுக்கு ஒரிஜினல்.

2 நவம்பர், மாலை

அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே கேட்டாள், கூட்டிப்போனேன். பட்டப்பகல், தீபாவளிக் கூட்டம், எங்கே பார்த்தாலும் பிள்ளைகளின் சத்தம். மரப்படி ஏறி ஓர் இருட்டான நடையில் போகும்போது என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மலையாளத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. அடுத்த அறையிலிருந்து ஒரு பெண் தமிழில், "ஏய், இங்க வா" என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

சட்டையில் பொத்தான் ஒன்று போய்விட்டது. அம்மா இப்போது அதைத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.